இந்திராணி வராத சென்னை

மீனம்பாக்கத்தில் சுங்க அதிகாரி என் மனைவியைப் பிரித்துப் பார்த்தார். மேலே சணல் கயிறு, அதற்குள் போர்வை, போர்வைக்குள் பழைய செய்தித்தாள், அதற்குள் இந்திராணி. "பழங்காலத்துப் பொருளா?" என்று கேட்டார். படம் புதுசு, ஆள்தான் கொஞ்சம் பழசு என்றேன். விமானத்தில் யோசித்து வைத்திருந்த பதில் அது. அவர் சிரிக்கவில்லை. எனக்குப் பின்னால் நின்ற பெண்மணி மட்டும் லேசாகச் சிரித்துவிட்டு, தன் பெட்டியைப் பற்றிய கவலைக்குத் திரும்பிவிட்டார்.

நான் ஈப்போவில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஓவிய வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மலேசியாவிலேயே பிறந்து வளர்ந்தவன், சென்னைக்கு இதற்குமுன் வந்ததில்லை. வரவேண்டும் வரவேண்டும் என்று உயிரை விட்டவள் இந்திராணிதான். மார்கழி மாதம், மயிலாப்பூர், கச்சேரி, தி. நகர் கடைத்தெரு என்று அவளிடம் ஒரு பெரிய திட்டமே இருந்தது. பயணத்துக்கென்று மஞ்சள் பட்டுப்புடவைகூட எடுத்து வைத்தாள். அதற்குள் அவளுடைய சிறுநீரகம் இரண்டும் கையை விரித்துவிட்டன. இப்போது ஒன்றுவிட்டு ஒரு நாள் டயாலிசிஸ். அந்த மெஷினை விட்டுவிட்டுப் பக்கத்து ஊர்க் கல்யாணத்துக்குக்கூட அவளால் போக முடியாது.

இதில் பெரிய கொடுமை தண்ணீர்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்திருக்கிறார்கள். அதற்குமேல் நாலு மடக்கு குடித்தால் கால் வீங்கும், மூச்சு முட்டும். ஈப்போ வெயிலில் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் ஒதுக்கிக்கொண்டு மத்தியானத்தை ஓட்டுவாள். உன்னை வரையப் போகிறேன், எப்படி உட்காருகிறாய் என்று கேட்டபோது, மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு வந்து, "கையில ஒரு டம்ளர் நெறயத் தண்ணி குடுத்து வரைங்க. படத்துலயாச்சும் வச்சிருக்கேன்" என்றாள். அப்படியே வரைந்தேன். வரைந்து முடிக்கும்வரை அந்த டம்ளரை அவள் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்த சமயத்தில் டாக்டர் என்னை மட்டும் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்துக்குக் கூட்டிப்போனார். இதயம் பலவீனமாகிவிட்டது, மாற்றுச் சிறுநீரகம் என்ற பேச்சுக்கு இனி இடமில்லை என்று மெதுவாகச் சொன்னார். பிறகு என் தோளைத் தட்டி, வருகிற பண்டிகைகளையெல்லாம் நல்லபடியாகக் கொண்டாடுங்கள் என்றார். டாக்டர்கள் பண்டிகையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நல்லதில்லை. நான் அதை இந்திராணியிடம் சொல்லவில்லை.

அப்போதுதான் மயிலாப்பூரில் ஒரு கலைக்குழுவிடமிருந்து அழைப்பு வந்தது. வெளிநாட்டுத் தமிழ் ஓவியர்களின் படங்களை மார்கழியில் காட்சிக்கு வைக்கிறார்களாம். நான் போவதாக இல்லை. அவள்தான் விரட்டினாள். தன் தங்கையை வீட்டோடு கூப்பிட்டு வைத்துக்கொண்டு, "நான் எங்கயும் போயிடமாட்டேன். நீங்க என்னைக் கொண்டுபோய்க் காட்டிட்டு வாங்க" என்றாள். யாராவது ஒருவர் அவள் முன்னால் நின்று பார்க்க வேண்டும், அதை நான் போனில் அவளுக்குச் சொல்ல வேண்டும். நான் சென்னைக்கு வந்த காரியம் இவ்வளவுதான்.

விமான நிலையத்திலிருந்து ஆட்டோ. படம் உள்ளே நேராக நுழையவில்லை. குறுக்காக வைத்து, பாதி இந்திராணி வெளியே தெரிய, நான் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். அதிகாரி பிரித்த போர்வை சரியாகச் சுற்றவில்லை. கிண்டி தாண்டுவதற்குள் காற்று அதைத் தூக்கிவிட்டது. ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்து, "வூட்டம்மாவா நைனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். உடனே அலறிக்கொண்டிருந்த பாட்டை நிறுத்திவிட்டு, பள்ளம் மேடு பார்த்து மெதுவாக ஓட்டினார். ஒரு சிக்னலில் பக்கத்தில் நின்ற மோட்டார் சைக்கிள்காரர் படத்தைப் பார்த்து, ஹெல்மெட்டோடு தலையைக் குனிந்து கும்பிட்டார். எங்கள் ஊரில் ஒரு ஓவியத்துக்கு இந்த மரியாதை கனவிலும் கிடைக்காது. சென்னை சென்னைதான் என்று அன்றைக்கே போன் செய்து இந்திராணியிடம் பெருமையடித்துக்கொண்டேன்.

தங்கியது மேற்கு மாம்பலத்தில், ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜ். விடிவதற்கு முன்பே மின்சார ரயில் கட்டிலை ஆட்டி எழுப்பிவிடும். சந்தில் இறங்கினால் வாசலுக்கு வாசல் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். பறங்கிப் பூவெல்லாம் செருகி, மணிக்கணக்கில் குனிந்து போட்ட கோலத்தின் மேல் முதல் பால் வண்டி ஏறிப்போகும். போட்டவர் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. நான் ஒரு படத்தைக் கடல் தாண்டித் தூக்கிவந்து, அதன்மேல் கீறல் விழுந்ததா என்று தினமும் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். இந்த ஊர்ப் பெண்களின் மனம் எனக்கு வராது.

தினமும் காலையில் இந்திராணியின் அழைப்பு வரும். "பசியாறியாச்சா?" என்பதுதான் முதல் கேள்வி. எங்கள் பக்கம் காலைச் சாப்பாட்டுக்கு அப்படித்தான் கேட்போம். லாட்ஜ் மேலாளர் அதைக் கேட்டுவிட்டு, ரொம்பப் பசியா சார் என்று விசாரித்தார். என்ன சாப்பிட்டேன், சட்னி எத்தனை, சாம்பாரில் என்ன காய் என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்பாள். அவளுக்குத் தேங்காய் கூடாது, வாழைப்பழம் கூடாது, உப்பு கூடாது. கீரை வடையின் ஓரம் எப்படி மொறுமொறுவென்று இருந்தது என்பதை நான் சொல்லச் சொல்ல, அந்தப் பக்கம் சத்தமே இருக்காது. வடை அருமையாகத்தான் இருந்தது. ஆனால் என்னால் பாதிக்கு மேல் சாப்பிட முடியவில்லை. சாப்பிடாத பாதியையும் சேர்த்துச் சொன்னேன்.

இந்த ஊரில் நான் பார்த்த பெரிய ஓவியக் கூடம் சுவர்தான். மாம்பலத்திலிருந்து மயிலாப்பூர் வரைக்கும் முகங்கள். பிறந்தநாள் காணும் தலைவர், காதுகுத்துக் குழந்தை, பூப்புனித நீராட்டு விழாப் பெண், இவர்களுக்கு நடுவில் கண்ணீர் அஞ்சலி. கண்ணீர் அஞ்சலிகள்தான் அதிகம். ஒரு முகத்தின் மேல் இன்னொரு முகத்தை ஒட்டி, போன வாரம் இறந்தவரின் காதிலிருந்து இந்த வாரம் இறந்தவரின் மீசை ஆரம்பிக்கிறது. சுவரில் சாதாரண மனிதர் ஒருவரின் முகம் சும்மா இருக்கவே இருக்காதா என்று தேடிப் பார்த்தேன். இல்லை. இதையெல்லாம் கவனித்த எனக்குப் பிறகு வரப்போவது புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

கண்காட்சி நடந்த இடம், மயிலாப்பூர்க் கோயில் குளத்தை ஒட்டிய தெருவில் ஒரு சபாவின் பக்கவாட்டுக் கூடம். அமைப்பாளர் ரகுராமன், வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற நல்ல மனிதர். திறப்பு விழாவுக்கு அவர் வீட்டார்கூட வரவில்லை. "தப்பா எடுத்துக்காதீங்கோ, ஆத்துல எல்லாரும் கச்சேரிக்குப் போயிருக்கா" என்றார். குத்துவிளக்கை அவரும் நானும் மின்சார வேலைக்கு வந்தவரும் ஏற்றினோம்.

மறுநாளிலிருந்து கூட்டம் வரத்தான் செய்தது. சபா வாசலில் ஓவியக் கண்காட்சி என்று ஓர் அம்புக்குறி, அதற்குக் கீழே சிற்றுண்டிச் சாலைக்கு ஓர் அம்புக்குறி. இரண்டும் ஒரே பக்கத்தைக் காட்டின. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு வேகவேகமாக உள்ளே வந்தவர்கள் படங்களைப் பார்த்ததும் ஏமாந்து நின்றார்கள். ஒருவர் என்னிடம் கை கழுவ எங்கே என்று கேட்டார். இன்னொருவர், இன்றைக்கு அக்காரவடிசல் உண்டா என்று கேட்டு, தெரியாது என்றதும் என்னை வேலைக்கு வைத்தவரைத் திட்டிவிட்டுப் போனார்.

இந்திராணி முன்னால் மட்டும் எப்போதும் இரண்டு மூன்று பேர் நின்றார்கள். முதல் நாள் மத்தியானம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிட்டே போய்ப் பார்த்தேன். அந்தக் கூடத்தில் இருந்த ஒரே பிளக் பாயிண்ட் அவள் படத்துக்கு நேர் கீழே. போனுக்குச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் இந்திராணிக்கு முதுகைக் காட்டிச் சாய்ந்துகொண்டு, அன்றைய கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின்போது எல்லாரும் எழுந்து காப்பிக்குப் போனார்கள், கலைக்கு மரியாதையே இல்லை என்று யாரிடமோ போனில் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்.

"யாராச்சும் பார்த்தாங்களா?" என்று அன்று மாலை இந்திராணி கேட்டாள். நிறையப் பேர் நின்றார்கள் என்றேன். அது பொய்யில்லை.

நடுவில் ஒரு நாள் கூடத்துக்கு விடுமுறை. கடலில் கால் நனைத்துவிட்டு, எனக்காக ஓர் இளநீர் குடித்துவிட்டு வாருங்கள் என்று இந்திராணியின் உத்தரவு. அடையாறு போகும் பேருந்தில் ஏறி, கூட்டத்தில் நசுங்கி, இறங்கும் இடம் தெரியாமல் நடத்துநரிடம் அடையாறு வந்ததும் சொல்லுங்கள் என்றேன். "ஆத்துலயே வுட்டுடவா, ஏரியாவுலயா?" என்று கேட்டார். எனக்கு வித்தியாசம் தெரியாததால் ஆறு என்று சொல்லிவிட்டேன். பாலத்தின் நடுவில் இறக்கிவிட்டார். கீழே கறுப்பாக ஆறு, கரையில் குடியிருந்தவர்களை அகற்றிவிட்ட வெறும் மண்திட்டு, ஒரு தனிச் சுவரில் மட்டும் நீலச் சுண்ணாம்பு. வெயிலில் நடந்து நடந்து, ஒரு தள்ளுவண்டியில் இளநீர் வாங்கினேன். வண்டிக்காரர் காயைச் சீவி நீட்டினார். வாயருகே கொண்டுபோனேன், முடியவில்லை. ஒரு மடக்கு. அதற்குமேல் குடித்தால் அவளிடமிருந்து பிடுங்கிக் குடிப்பதாகப் பட்டது. இளநீர்க்காரர், காய் சரியில்லையா நைனா, வேற வெட்டட்டா என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கடலுக்குப் போகாமலே திரும்பிவிட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று கூடம் காலியாக இருந்தது. தெருவில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம். கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவையும் எங்கோ தள்ளி மாதா கோயில் பாட்டும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. எங்கள் ஊரில் கிறிஸ்துமஸுக்கும் சீனப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் எல்லா வீட்டிலும் சாப்பிடுவோம். இந்திராணி அன்றைக்கு முறுக்கு சுற்றிப் பக்கத்து வீடுகளுக்கு அனுப்புவாள். வருகிற பண்டிகைகளையெல்லாம் நல்லபடியாகக் கொண்டாடச் சொன்னார் டாக்டர். முதல் பண்டிகையிலேயே நான் ஆயிரத்தைந்நூறு மைல் தள்ளி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். என்னைவிட மடையன் அன்று மயிலாப்பூரில் இருந்திருக்க மாட்டான்.

மல்லிகா பேச்சுக் கொடுத்தது அன்றைக்குத்தான். கூடத்தைப் பெருக்கித் துடைப்பவள், என் இந்திராணியைவிடப் பத்து வயது சின்னவளாக இருப்பாள். அடையாற்றுக் கரையில்தான் வீடு இருந்ததாம். அதை இடித்துவிட்டு ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டார்கள். இரண்டு பேருந்து மாறி வருகிறாள். வீடு அங்கே, வேலை இங்கே என்று சிரித்தாள். பிறகு துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு இந்திராணியை நின்று பார்த்தாள். அவள் கையில் போன் இல்லை.

"அக்காவா சார் இது?"

என் மனைவி என்றேன்.

"இல்லியா இப்போ?"

கூட வரவில்லையா என்று கேட்கிறாள் என்று எடுத்துக்கொண்டு, இல்லைங்க என்றேன்.

"எத்தினி நாளாச்சு சார்?"

நான் கிளம்பி வந்து எத்தனை நாள் என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, இன்னும் ஒரு வாரம்கூட ஆகவில்லை என்றேன்.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அதுக்குள்ளாறயா படத்த தூக்கினு வந்துட்டீங்க?"

"அவதாங்க கொண்டுபோய்க் காட்டச் சொன்னா. கிளம்புறப்ப சொன்னது அதுதான்."

மல்லிகா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தன் படத்தைப் பார்த்து ஒருவர் கண்கலங்குவதை ஓர் ஓவியன் வாழ்நாளில் எத்தனை முறை பார்த்துவிட முடியும்? நான் உருகிப் போய் நின்றேன். "கைல தண்ணிய வெச்சிகினு குடிக்காமயே கீறாங்களே" என்றாள் அவள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இத்தனை நாளில் அந்த டம்ளரை யாருமே கவனிக்கவில்லை. குடிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார் என்று விளக்கினேன். கடைசி வரைக்குமா என்று கேட்டாள். ஆமாம், கடைசி வரைக்கும் இப்படித்தான் என்றேன்.

"எங்கூட்டுக்காரரும் இல்ல சார். மூணு வருசமாச்சு."

வளைகுடாப் பக்கம் வேலைக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். மூன்று வருஷமாகவா, நடுவில் லீவு கொடுக்க மாட்டார்களா என்று கேட்டேன்.

"அங்க பூட்டவங்களுக்கு ஏது சார் லீவு" என்றாள்.

கவலைப்படாதீர்கள், வந்துவிடுவார் என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். துக்கத்தில் மூளை குழம்பிவிட்டது என்று நினைத்திருப்பாள். பிறகு படத்தைக் காட்டி, "ஒரு பூகூட வெக்கலியே சார்" என்றாள். தலையில் பூ இல்லாமல் வரைந்ததைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வைத்திருக்கலாம்தான், தோன்றவில்லை என்றேன். நான் வைக்கட்டுமா என்று கேட்டாள். விளையாட்டாகச் சொல்கிறாள் என்று சிரித்துக்கொண்டே, தாராளமாக வையுங்கள் என்றேன்.

அன்று மாலை போனில் இதைத்தான் பெரிதாகச் சொன்னேன். ஒரு பெண் நின்று பார்த்தாள், கண்கலங்கினாள், தலையில் பூ இல்லை என்று குறையும் சொன்னாள். "சரியாத்தான் சொல்லியிருக்காங்க. நான்தான் அன்னிக்கே கேட்டேனே, பூ வேணாமான்னு" என்றாள் இந்திராணி. குரலில் சந்தோஷம் இருந்தது. சென்னைக்கு வந்ததற்கு அது போதும் என்று தூங்கினேன்.

மறுநாள் காலை தி. நகர். மஞ்சள் பட்டுப்புடவைக்குப் பொருத்தமாக ரவிக்கைத் துணி வாங்கிவர வேண்டும். அந்தப் புடவைக்கு அவள் இன்னும் ரவிக்கை தைக்கவில்லை. படத்தில் இருப்பது வேறு ஒரு பழைய ரவிக்கை, நானாக நிறம் மாற்றியது. ஆண்டு முடிவுக் கூட்டத்தில் தெருவில் நான் நடக்கவில்லை, நடத்தப்பட்டேன். கடைக்குள் மஞ்சள் மட்டுமே ஒரு சுவர் நிறைய அடுக்கியிருந்தார்கள். விற்பனைப் பெண்ணிடம் படத்தைப் போனில் காட்டினேன். போன்ல கலர் மாறும் சார், புடவையக் கொண்டாங்க என்றாள். புடவை ஈப்போவில் இருக்கிறது என்றேன். நான் ஓவிய வாத்தியார், அந்த மஞ்சளைக் கலந்ததே நான்தான், கண்ணை மூடினாலும் தெரியும் என்று வீம்பாக ஒன்றை எடுத்தேன். வாசல் வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தால் அது பச்சையடித்தது. அவள் எடுத்தது செங்கல் நிறமடித்தது. இருவரும் மாற்றி மாற்றி எடுத்துத் தோற்றோம். கடைசியில் ஐந்தாறு மஞ்சளைப் பையில் போட்டுக்கொண்டு வந்தேன். தைத்துப் போட்டுக்கொண்டு அவள் எங்கே போகப்போகிறாள் என்ற நினைப்பு பில் போடும் இடத்தில் வந்தது. பின்னால் நின்றவர் நகருங்க சார் என்று சொல்லும்வரை நான் நகரவில்லை.

மயிலாப்பூர் வந்தபோது மத்தியானம். கூடத்து வாசலில் செருப்புக் குவியல். இத்தனை நாளில் ஒருவரும் செருப்பைக் கழற்றியதில்லை. உள்ளே எட்டிப் பார்த்தேன். பத்துப் பதினைந்து பேர் இந்திராணி முன்னால், சத்தமில்லாமல், அவளையே பார்த்தபடி நின்றார்கள். சார்ஜ் ஒயர் எதுவும் தொங்கவில்லை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. போனை எடுத்து அப்படியே அவளுக்குக் காட்டிவிடலாம் என்று ஓடினேன்.

ஆட்களுக்கு நடுவே சாமந்தி மாலை தெரிந்தது. சட்டத்தின் இரண்டு மூலையிலிருந்தும் தொங்கியது. நெற்றியில், நான் ஒரு வாரம் இழைத்து வரைந்த நெற்றியில், ஈரக் குங்குமம் அப்பியிருந்தது. கீழே முக்காலியில் அகல் விளக்கு, ஊதுவத்தி செருகிய வாழைப்பழம், ஒரு டம்ளர் தண்ணீர். ஒரு பெரியவர், பூவோடும் பொட்டோடும் போன புண்ணியவதி என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ரகுராமன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "என்ன சார், ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? ஆத்துல கேட்டுட்டு அழுதுட்டா."

நான் மாலையைப் பிடித்து இழுத்தேன். அறுந்து தரையில் விழுந்தது. அவள் உயிரோடு இருக்கிறாள் என்று கத்தினேன். இரண்டு மூன்று முறை கத்தினேன் போலிருக்கிறது. கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு செருப்பைத் தேடிப் போய்விட்டது. ரகுராமன் என்ன செய்வதென்று தெரியாமல் விசிறியைப் போட்டார். கைக்குட்டையால் குங்குமத்தைத் துடைத்தேன். அது போகவில்லை, நெற்றி முழுக்க ஈஷிக்கொண்டது. ஆட்டோக்காரர் பாட்டை நிறுத்தியதும், ஹெல்மெட்காரர் கும்பிட்டதும் எதற்கு என்று அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. கிண்டியில் ஆரம்பித்து இந்த ஊர் முழுக்க எனக்குத் துக்கம் விசாரித்திருக்கிறது. நான்தான் கலைக்கு மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

மல்லிகா சுவரோரமாக நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "நீங்கதான சார் இல்லன்னீங்க."

"இங்க இல்லன்னு சொன்னேங்க. ஈப்போவுல இருக்கா. அப்போ உங்க வீட்டுக்காரர்…"

"அவுரு நெஜமாவே இல்ல சார்."

வந்துவிடுவார் என்று நான் சொன்னது ஞாபகம் வந்து, முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அவளும் தள்ளித் தரையில் உட்கார்ந்தாள். இந்திராணிக்கு என்ன என்று கேட்டாள். மெஷின், தண்ணீர், இதயம், டாக்டர் சொன்னது, எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தங்கையிடம்கூடச் சொல்லாததை, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் விசிறிச் சத்தத்துக்கு நடுவில் சொல்லி அழுதேன். ரகுராமன் நாசூக்காக வெளியே போய்விட்டார்.

மல்லிகா எழுந்து போய்ப் படத்தை இன்னொரு முறை பார்த்தாள். பிறகு, "உசுரோட கீறவங்கள செத்துட்டாங்கன்னு நெனச்சி மாலை போட்டா ஆயுசு கெட்டியாவும் சார். எங்காளுங்க அப்டித்தான் சொல்வாங்கோ. தெரிஞ்சி போட்டா பலிக்காது. நான் தெரியாமத்தான போட்டேன்" என்றாள்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. வாத்தியாராக இருந்தபோது பிள்ளைகளிடம் இப்படிப்பட்ட பேச்சைக் கிண்டலடித்தவன் நான். ஆனால் அத்தனை மெஷினும் வைத்திருந்த ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது தோளில் ஒரு தட்டும் பண்டிகை வாழ்த்தும்தான். கெட்டி என்ற சொல்லை அவளைப் பற்றி யாரும் சொல்லிக் கேட்டு எவ்வளவோ நாளாயிற்று. எழுந்து போய் மாலையைப் பொறுக்கினேன். நசுங்கிய பூக்களை மல்லிகா பிய்த்துப் போட்டுவிட்டு, அறுந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். நானே நாற்காலியில் ஏறி இந்திராணிக்கு மாலையைத் திரும்பப் போட்டேன். விளக்கு அணைந்திருந்தது, அது வேண்டாம் என்றேன். தண்ணீர் டம்ளர் அப்படியே இருக்கட்டும் என்றேன்.

சாயங்காலம் சபா படிக்கட்டில் உட்கார்ந்திருந்தபோது அழைப்பு வந்தது. உள்ளே யாரோ சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு யாராவது பார்த்தார்களா என்று கேட்டாள்.

பார்த்தார்கள், மாலைகூடப் போட்டார்கள் என்றேன். அவளுக்குத் தாங்கவில்லை. பொன்னாடையும் போர்த்தினார்களா, போட்டோ எடுத்தீர்களா, எந்தச் சட்டையில் இருந்தீர்கள் என்று அடுக்கினாள்.

"எனக்கில்ல, இந்திரா. உனக்கு."

மறைக்க முடியாது என்று தெரிந்து, இல்லை என்று நான் சொன்னதிலிருந்து மல்லிகா கன்னத்தில் போட்டுக்கொண்டது வரைக்கும் சொல்லி முடித்தேன்.

"எடுத்துட்டீங்களா?"

"எடுத்தேன். அப்புறம் நானே போட்டுட்டேன். ஆயுசு கெட்டியாகுமாம்."

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். "டாக்டர் என்கிட்ட பண்டிகையப் பத்திப் பேசினாருங்க" என்றாள். "உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் இருந்தேன்."

உள்ளே சுருதி சேர்ந்துவிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன பூ என்று கேட்டாள். சாமந்தி என்றேன். நல்ல பூதான் என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"முன்னாடி தண்ணி வச்சாங்களா?"

வைத்தார்கள் என்றேன்.

"டம்ளர் நெறயவா?"

நிறையத்தான் என்றேன். தளும்பத் தளும்ப வைத்திருக்கிறார்கள் என்றேன்.